துவக்குக்கு உலக்கை மூக்கு

மாத்தளை டிஸ்திரிக்டில் அந்தக் காலத்தில் இரண்டே ஜாதித் துவக்குகள்தான் இருந்தன. மூக்கு பாஸின் கை பட்டது ஒன்று, படாதது ஒன்று. கை படாத துவக்கு எதை வேண்டுமானாலும் சுடும், குறி வைத்ததை மட்டும் சுடாது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒரு மரை மானுக்குக் குறி வைத்து, தன்னுடைய தேயிலை ஸ்டோரின் தகரக் கூரையையே சுட்டார். மரை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

பாஸ் என்றால் முதலாளி என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் தச்சர், கொத்தர், கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். இவர் கொங்காவலைக்காரர், மாத்தளை டவுன் முஸ்லிம். வாப்பா உம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அவரும் சொன்னதில்லை.

மூக்கு என்கிற பெயர் எப்படி வந்ததென்றால், அவர் செய்த வேலையே அதுதான். வேட்டைத் துவக்கைப் பார்த்திருப்பீர்கள். தோளில் வைக்கிற மரக்கட்டை அப்படியே குழலுக்கு அடியில் முன்னால் ஓடும். அது முடிகிற நுனியில் நாலு விரல் நீளத்துக்கு வேறு மரத்தில், கறுப்பாகவோ வரிவரியாகவோ, ஒரு துண்டு பொருத்தியிருப்பார்கள். அழகுக்கு அழகு, நுனி பிளக்காமலும் இருக்கும். அந்தத் துண்டுக்கு வெள்ளைக்காரன் என்ன பெயர் வைத்தானோ, கொங்காவலையில் அதற்குப் பெயர் மூக்கு. மனுஷன் அதை மட்டும்தான் செய்வார். பின்கட்டை உடைந்திருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் பாஸ் என்றால், அது வேற ஆள்ட வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வேலை கொண்டு போகிறவனிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பார். துவக்கு யாருடையது என்று கேட்க மாட்டார், என்ன மரம் வேண்டுமென்றும் கேட்க மாட்டார். துவக்கு எந்த ஊரில் இருக்கப் போகிறது என்றுதான் கேட்பார். பங்களாவில் என்றால், எந்தச் சுவரில், அடுப்புப் பக்கமா, மழைப் பக்கமா என்று கேட்பார். பெண் பார்க்க வந்தவன்கூட இத்தனை விசாரிக்க மாட்டான். பதில் தெரியாதவன் திரும்ப ஊருக்குப் போய் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

ஏனென்றால் மரம் ஊரைக் குடிக்கும் என்பது அவர் கட்சி. கலேவெலயில் காய்ந்த மரத்தைக் கொண்டுபோய் எல்கடுவ மலையில் வைத்தால், அது பனியைக் குடித்து ஊதும். ஊதினால் மேலே இருக்கிற குழலைத் தள்ளும். மயிரளவு தள்ளினால் போதும், நூறு யார் தூரத்தில் குண்டு ஒரு முழம் தள்ளிப் போய்விடும். ஆகவே கலேவெலத் துவக்குக்கு வைக்கிற மூக்கு மரம் முதலில் ஒரு வருஷம் கலேவெலயில் குடியிருக்க வேண்டும். தம்புள்ளைத் துவக்கென்றால் தம்புள்ளையில். இப்படி அவருடைய கருங்காலி, முதிரை, புளிய வைரம் எல்லாம் டிஸ்திரிக்ட் முழுக்க அடுத்தவன் வீட்டுப் பரண்களில் விருந்தாளியாகக் கிடந்தன. மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் ஒவ்வொன்றாகச் சுகம் விசாரிப்பார். மகளைக் கலேவெலயில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். மரத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் மகளையும் பார்த்துவிட்டு வருவார்.

மரத்தைச் சோதிக்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு நாக்கு. கடைசியாகப் பல். முன்பல் இரண்டு இந்த வகையில் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு தடவை டவுனில் பெரிய மனுஷர் ஒருவரின் சாவு வீட்டுக்குப் போனார். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருக்க, இவர் பெட்டியின் மூலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, பலகை ஈரம், ரெண்டு கிழமையில பிளக்கும் என்று மூத்த மகனிடம் சொல்லிவிட்டு வந்தார். மண்ணுக்குள்ளே போகிற பெட்டி பிளந்தால் என்ன, பிளக்காவிட்டால் என்ன? கேட்டதற்கு, பிளக்கிறது பிளக்கிறதுதானே என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலேவெலப் பக்கத்து ஆராச்சியார் ஒருவர், ஊர்த் தலைவர், இவரிடம் அருமையான கருங்காலி மூக்கு வைத்துக்கொண்டு போனார். இரண்டு வருஷம் கழித்து வீட்டை மாற்றி மாத்தளைக்கே குடி வந்துவிட்டார். செய்தி கேட்ட அன்றைக்கே பாஸ் ஆயுதப் பையோடு போய், ஆராச்சியார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆராச்சியார் சிங்களத்தில் கத்தினார், இவரும் சிங்களத்தில் கத்தினார். கடைசியில் டவுன் காற்றில் பழகிய மூக்கு ஒன்றைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் சமாதானம்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது எல்கடுவ மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என் வீட்டுக்காரி பாக்கியத்துக்கு ஏழாம் மாசம். குவார்ட்டர்ஸ் இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும், அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பேன்? இந்த வேலையில் எனக்கு முந்தியிருந்த கிளாக்கரை ஒரு விளக்குச் சிமினி உடைந்ததற்காகத் துரத்தியிருந்தார்கள். அதனால் துரை இருமினால்கூட நான் எழுந்து நிற்பேன்.

எங்கள் பெரியதுரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வாயில் வருவதில் பாதி போ, வா, எடு, கட்டுதான். இதை வைத்துக்கொண்டே இருபது வருஷம் தோட்டம் நடத்தினார். நாம் பேசுவது அத்தனையும் அவருக்கு விளங்கும், அதுதான் தொல்லை. அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. துரைமார் கிளப்பில் வருஷாவருஷம் குறி சுடுகிற போட்டி நடக்கும். மூன்று வருஷமாக இவர் கடைசி. போன வருஷம் பக்கத்தில் நின்றவரின் பலகையைச் சுட்டு, அவருக்குக் கூடுதல் புள்ளி வாங்கிக் கொடுத்தார். போதாக்குறைக்குத் துவக்கின் கொம்பு மூக்கைப் பூச்சி தின்றுவிட்டது. சித்தப்பாவோ யாரோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஒரு கறுப்பு மரத்துண்டு அனுப்பியிருந்தார். அதை உறையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை துவக்கு வரணும். இந்த மரம் அதிலே இருக்கணும். இல்லே, நீ சாமான் கட்டு."

துவக்கைக் கம்பளியில் சுற்றி, துரை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை மடியில் செருகிக்கொண்டு, காலையில் மலை இறங்கினேன். கொங்காவலை போய்ச் சேரும்போது உச்சி வெயில். பாஸ் மரத்தை வாங்கிக் கன்னத்தில் வைத்தார், நக்கினார், கடித்தார். பிறகு துணியில் சுற்றி என்னிடமே தந்துவிட்டார்.

"அருமையான மரம். ஆனா இது இன்னம் கப்பல்லதான் ஈக்கி, தம்பி. எல்கடுவக்கு வந்து சேர ரெண்டு வருஷம் புடிக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தே விட்டது. துரை சொன்னதைச் சொன்னேன். பாக்கியத்தின் மாசத்தைச் சொன்னேன். சும்மா ஒட்டிக் கொடுங்கள் பாஸ், ஊதினால் ஊதட்டும் என்றேன். ஊதுற மூக்கை வச்சா துரை தோப்பார், தோத்தா உங்களத்தான் துரத்துவார் என்றார். கணக்கு சரிதான்.

சரி, உங்களிடம் எல்கடுவவில் பழகிய மரம் ஒன்றுமே இல்லையா என்றேன். இருந்தது, நல்ல முதிரை ஏழு துண்டு இருந்தது என்றார். அவற்றை எங்கள் மலையிலேயே தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆடி மழையில் விறகு நனைந்துபோன ஒரு நாள், அந்த வீட்டுக்காரி ஏழையும் அடுப்பில் வைத்துத் தேத்தண்ணி காய்ச்சிவிட்டாள். தேத்தண்ணி நல்லா கொதிச்சிச்சு என்று அவள் நன்றியோடு சொன்னாளாம்.

அப்புறம் திடீரென்று, உங்கட குசினியில பழைய மரச்சாமான் என்னென்ன ஈக்கி என்று கேட்டார். கதவு, பலாப்பலகை, மனை, தேங்காய்த் திருவலை என்று சொல்லிக்கொண்டே போனேன். உலக்கை என்றதும் நிமிர்ந்தார். என்ன மரம்? கித்துள், பனையில் ஒரு ஜாதி. எத்தனை வருஷம்? எனக்குத் தெரியாது, குவார்ட்டர்ஸோடு வந்தது, முந்தின கிளாக்கரும் அதற்கு முந்தினவரும் அதில்தான் இடித்தார்கள் என்றேன். எழுந்து ஆயுதங்களைப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

என்னோடு மலை ஏறி வந்தார். நாங்கள் வாசலுக்கு வரும்போது பாக்கியம் உள்ளே மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். பாஸ் வேலி ஓரத்திலேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஏழு மாசக்காரி இடிப்பதை ஒரு ஆம்பிளை நின்று கேட்பதாவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னோம். பாக்கியம் உலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நல்லாயிருக்குங்க. துரை துவக்குக்கு மூக்கில்லன்னா, என் உலக்கையத்தான் வெட்டணுமா?"

வெட்டாவிட்டால் அடுத்த கிழமை உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்று நான் சொன்னேன். உலக்கையைத் தரையில் நிறுத்தினாள். பூண் போட்ட முனையைத் தொடக் கூடாது, மேல் முனையில் நாலு விரல், அதற்கு மேல் ஒரு நகம் போகக் கூடாது என்று சட்டம் போட்டாள். அறுப்பு வாளை வைக்கும்போது பக்கத்தில் நின்று தன் கைவிரலாலேயே அளந்து காட்டினாள். பாஸ் அவளுக்குப் பயந்த மாதிரி வேறு எந்தத் துரைக்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

துரைமார் எட்டிப் பார்க்காத எங்கள் குசினிப் படியிலேயே மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்தார். இந்த ஊர் மூக்கு இந்த ஊரில்தான் பொருந்த வேண்டுமாம். விளக்குக் கரியை எடுத்துத் துவக்குக் கட்டையின் நுனியில் பூசுவார். கித்துள் துண்டை அதில் வைத்து அழுத்துவார். எடுத்துப் பார்த்தால் மேடான இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டுவார். மறுபடி கரி, மறுபடி அழுத்து, மறுபடி சுரண்டு. முதல் நாள் முழுக்க இதுதான். எனக்குப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்தது, ஆபீஸுக்கு ஓடிப்போய்ப் பேரேடு எழுதினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அழுத்தி எடுத்தபோது துண்டின் முகம் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தது. பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினார், அவளுக்கு விளங்கியது. உள்ளே ஒரு மர முளை வைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினார். பிறகு குழலுக்கு இடம் தோண்டி, அரத்தால் உருட்டி, எண்ணெய் போட்டுத் தேய்த்தார். கடைசியில் கடதாசித் துண்டு ஒன்றைக் குழலுக்கும் மூக்குக்கும் நடுவில் விட்டு இழுத்தார். தடையில்லாமல் போய் வந்தது. ஆப்பிரிக்க மரத்துண்டு எங்கள் வீட்டில் கிடந்தால் ஆபத்து என்று அதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

அடேயப்பா, அந்த அழகை என்ன சொல்வேன். கபில நிறத்தில் கன்னங்கரேலென்று நூல் நூலாக வரி ஓடியது. ஒட்டின இடத்தை நகத்தால் தடவினால் தெரியவில்லை. நேற்று வரைக்கும் மிளகாய் இடித்த சாமான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

துரை நம்பவேயில்லை. அதாவது, அவருக்கு யாரும் சொல்லவேயில்லை. தடவிப் பார்த்து, ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கா என்று தலையை ஆட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்தில் கிளாக்கர் வாய் திறக்காவிட்டால் ஆமாம் என்று அர்த்தம். போட்டியில் துரை முதலாவதாக வந்தார். அதுவும் மழைத் தூறலில், மற்றவர்களுடைய துவக்கெல்லாம் தடுமாறிக்கொண்டிருக்கும்போது. அன்றிலிருந்து மலையில் ஒரே ஆப்பிரிக்கப் பேச்சு. ஸ்டோர் கூரையைச் சுட்ட பக்கத்துத் தோட்டத்துத் துரைக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அதே மரத்தில் மூக்கு வேண்டும், அந்த ஆளைக் கூப்பிடு, மரத்தின் பெயரை அவன் வாயால் கேட்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு வரச் சொல்லி பாஸுக்கு ஆள் போயிற்று.

நான் அந்த ஆளுக்கு முன்னாலேயே கொங்காவலைக்கு ஓடினேன். ஆப்பிரிக்கா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் பாஸ், வேறொன்றும் வேண்டாம் என்று கெஞ்சினேன். மனுஷன் ரொம்ப வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"மத்த எதுல வேணும்னாலும் செல்லுவேன், தம்பி. மரத்தப் பத்திப் பொய் செல்ல எனக்கு ஏலா. பொறகு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதத் தொடுற?"

எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை ரோட்டில் பிறந்தால் உம்முடைய மரம் வந்து பார்க்குமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சொன்னதும் பாக்கியம் பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பங்களா விறாந்தையில் துரைமார் இருவரும் நாற்காலியில். நடுவில் மேசையில் துவக்கு. நான் ஒரு ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாஸ் வெள்ளைத் தொப்பி போட்டு, சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி வந்தார். வந்தவர் துணிச் சுருள் ஒன்றைப் பிரித்து, ஆப்பிரிக்க மரத்துண்டை மேசையில் வைத்தார். எங்கள் துரை அதைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

இது என் மரம், அப்படியானால் அது என்ன மரம் என்றார்.

"அது கித்துள், துரை. உலக்கை."

அரிசி குத்துகிற உலக்கையா என்று பக்கத்துத் தோட்டத்துத் துரை கேட்டார். அரிசியும் குத்தும், மிளகாயும் இடிக்கும் என்றார் பாஸ், ஒரு பிசகும் இல்லாமல். அந்தத் துரை சிரித்த சிரிப்பில் நாற்காலி முனகியது. எங்கள் துரையின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"எந்த வீட்டு உலக்கை?"

கேள்வி பாஸுக்கு, கண் எனக்கு. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பாக்கியம் பானையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறாள், அந்த வேலையாவது குறைந்தது என்றுகூட மனதில் ஓடியது.

பாஸ் துவக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகப் போய் அந்த மூக்கை ஒரு தரம் தடவியது.

"என்ட வீட்டு உலக்கை, துரை. கொங்காவலைக் குசினியில கெடந்தது. கிளாக்கர் உங்கட மரத்தத்தான் கொண்டாந்து தந்தார். நான்தான் மாத்திட்டேன். அந்த மனுசனுக்குக் கருங்காலிக்கும் கரிக்கட்டைக்கும் வித்தியாசம் தெரியா."

விறாந்தையில் மற்ற இரண்டு பேருக்கும் அது ஒரு சாதாரணப் பதில். எனக்கு மட்டும்தான் தெரியும், டவுன் மரத்தை மலைத் துவக்குக்கு வைத்தேன் என்று அந்த வாய் சொல்வதற்கு என்ன பாடுபட்டிருக்கும் என்று. ஒரு ஊர் மரத்தை இன்னொரு ஊருக்கு வைக்க மாட்டேன் என்று ஆராச்சியாரோடு மல்லுக்கு நின்றவர், கைவேலை தெரியாதவன் செய்கிற தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நானும், இல்லை துரை, அது என் வீட்டு உலக்கை என்று சொல்லவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

துரை மூக்கை வைத்துக்கொண்டார், அதைச் செய்த ஆளைத் துரத்தினார். வென்று கொடுத்த சாமானைக் கழற்றுவதற்கு அவர் என்ன முட்டாளா? ஆனால் கூலிக்காரன் குசினி உலக்கையை நம் துவக்குக்கு வைக்கிறான் என்று கிளப்பில் பேச்சுப் பரவியது. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் மலையிலிருந்து ஒரு துவக்குக்கூடக் கொங்காவலைக்கு இறங்கவில்லை. என் வேலை இருந்தது. எங்களுக்கு மகள் பிறந்தாள், அந்தக் குவார்ட்டர்ஸிலேயே.

பிள்ளை பிறந்த அடுத்த ஞாயிறு நான் மலை இறங்கினேன். வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் பாஸ் ஒரு நீளக் கட்டையை அராவிக்கொண்டிருந்தார். யாருக்கோ மண்வெட்டிப் பிடி. அந்தக் கையால் மண்வெட்டிப் பிடி. அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்து, மரத்தைப் பற்றிப் பொய் சொல்ல ஏலாது என்றீர்களே பாஸ் என்று மட்டும்தான் கேட்க வந்தது.

அரத்தை நிறுத்தாமலே பேசினார்.

"ஒரு பொய்தானே. அல்லாகிட்ட அதுக்கு நான் பதில் செல்லிக்கிறேன். நீங்க சும்மா நிக்காம அந்தப் பக்கத்தப் புடிங்க, ஆடுது."

பக்கத்தில் குந்தி, கட்டையின் மறு முனையைப் பிடித்தேன். பிடி எப்போது முடிந்ததென்று எனக்குத் தெரியாது. போதும் விடுங்க என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகும் நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.